பாம்பனை அளந்த 19 வயசுப் பையன்

உங்க வயசு என்ன? பத்தொன்பது? இருபது? அப்படின்னா ஒரு நிமிஷம் இதை நினைச்சுப் பாருங்க.

ஆண்டு 1822. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவில் பாலம் இல்லை. ரயில் என்ற பேச்சே இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. ராமேஸ்வரம் போகணும்னா படகுதான். அந்தக் கடலில் ஒரு வெள்ளைக்காரப் பையன் படகேறி, ஆழத்தை அளந்து காகிதத்தில் குறிக்கிறான். அவன் மூன்று வேலைகளைச் சேர்ந்து செய்யணும். எங்கே நிற்கிறோம், அங்கே எத்தனை அடி தண்ணி, அடியில் மணலா பாறையா? மூணும் ஒரே தாளில் வரணும்.

வயசுக்கணக்கில் அவன் உங்க கிளாஸ்மேட். பெயர் ஆர்தர் காட்டன். திருச்சிக்காரங்க முக்கொம்பு மேலணையோட சேர்த்து இந்தப் பேரைக் கேட்டிருப்பீங்க. ஆந்திரா நண்பர்களிடம் சொல்லிப் பாருங்க, கோதாவரிக் கரையில் அவருக்கு எத்தனை சிலை இருக்குன்னு எண்ண ஆரம்பிச்சுடுவாங்க. ஆனா அவர் தென்னிந்தியாவில் ஆரம்ப காலத்தில் செய்த வேலைகளில் ஒண்ணு நம்ம ராமநாதபுரம் கடற்கரையில் என்பது பலருக்குத் தெரியாது. அந்த மனுஷனோட வாழ்க்கையை இந்த இதழில் சொல்லப் போறேன். ஃபர்ஸ்ட் இயர் கிராஃபிக்ஸ் பேப்பரில் நாம எல்லாரும் தடுமாறின ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டே சொல்றேன். ஒரு ஸ்கேலில் இருக்கும் அளவை இன்னொரு ஸ்கேலுக்கு மாத்துறது எப்படி என்பதுதான் அது.

பேங்கரில் படிச்ச பாடம்

காட்டன் பிறந்தது 1803 மே 15. வீட்டில் பதினொரு ஆண் பிள்ளைகள், இவர் பத்தாவது. 15 வயசில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம் ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். 1820 ஜனவரியில், 17 வயசுகூட நிறையாத நிலையில், வேல்ஸ் நாட்டில் பேங்கர் என்ற ஊருக்கு நில அளவைப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார். பிரிட்டன் முழுவதையும் வரைபடமாக்கிக்கொண்டிருந்த ஆர்ட்னன்ஸ் சர்வேயில் வேலை. அங்கே அவர் எழுதிய அறிக்கைகளை மேலதிகாரிகள் பாராட்டினார்கள்.

அந்த ஊருக்குப் பக்கத்தில் அப்போ என்ன நடந்துக்கிட்டு இருந்தது தெரியுமா? மெனாய் என்ற குறுகிய கடல் நீரிணையின் மேல் தாமஸ் டெல்ஃபோர்ட் ஒரு தொங்கு பாலம் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் பெரிய நிலம், எதிரில் தீவு, நடுவில் ஓடும் கடல். கிட்டத்தட்ட பாம்பன்தான்.

ஆர்ட்னன்ஸ் சர்வே எப்படி வேலை செய்தது என்பதில் நமக்கு ஒரு பாடம் இருக்கு. களத்தில் வரையும் படம் பெரும்பாலும் ஒரு மைலுக்கு 2 அங்குலம். அச்சாகும் படமோ ஒரு மைலுக்கு 1 அங்குலம். ஒரு மைலில் 63,360 அங்குலம். அதனால் அச்சுப் படத்தின் ஆர்.எஃப். 1:63,360, களப் படத்தின் ஆர்.எஃப். 1:31,680. களப் படத்தில் 6 அங்குலமாக இருக்கும் ஒரு சாலை அச்சுப் படத்தில் 3 அங்குலமாகும். இது எல்லாருக்கும் புரியும். ஆனா களப் படத்தில் 4 சதுர அங்குலம் இருக்கும் ஒரு வயல்வெளி அச்சுப் படத்தில் எவ்வளவு? 2 என்று சொன்னவங்க கையைத் தூக்குங்க. விடை 1. நீளம் பாதியானால் பரப்பு கால். இங்கே வழுக்கினவங்க பின்னாடியும் வழுக்குவாங்க.

பாம்பன்: கயிறும் காகிதமும்

1821-இல் காட்டன் இந்தியா வந்தார். முதலில் மதராஸில் தலைமைப் பொறியாளர் அலுவலகம். அடுத்து, தென் மாவட்டங்களின் ஏரி, கண்மாய், வாய்க்கால்களைப் பார்த்துக்கொள்ளும் துறையில் வேலை. அந்தக் கட்டத்தில்தான் பாம்பன் கால்வாயை அளக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது.

ஏன் பாம்பன்? மன்னார் வளைகுடாவிலிருந்து பாக் நீரிணைக்குள் போகணும்னா இந்தச் சின்ன வாயில் வழியாகப் போகலாம். ஆனா அடியில் பாறை. நாட்டுப்படகு போகும், பெரிய கப்பல் போகாது. பெரிய கப்பல் இலங்கையையே சுத்திக்கிட்டு வரணும். பாறையை உடைச்சு ஆழப்படுத்த முடியுமா என்பதுதான் கம்பெனியின் கேள்வி. அதுக்குப் பதில் சொல்ல முதலில் படம் வேணும்.

இந்தக் கடலை ஏற்கெனவே மனசில் படமாக வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். நம்ம மீனவர்கள். எங்கே பார் இருக்கு, வாடைக்காத்தில் எந்தப் பக்கம் போகணும் என்பதெல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. ஆழத்தை அவங்க பாகம் கணக்கில் சொல்வாங்க. ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம். ஆங்கிலேயக் கடலோடிகளின் ஃபேதமும் அதே அளவில் பிறந்ததுதான். பின்னாடி அது 6 அடி என்று நிலையாச்சு, அதாவது சுமார் 1.83 மீட்டர். ஆக, கடல் படத்தில் 3 என்று போட்டிருந்தால் அது 3 அடியா, 3 ஃபேதமா, 3 மீட்டரா? அடியை ஃபேதமாகப் படித்தால் ஆறு மடங்கு தப்பு. கப்பல் பாறையில் உட்கார்ந்துடும். ஸ்கேலை மாத்துறதுக்கு முன்னாடி அலகைப் பாருங்கன்னு சார் தலையால் அடிச்சுக்கிறது இதுக்குத்தான்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. நீங்களே வரைஞ்சு பாருங்க. சுமார் 2 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு நீரிணை, ஆழம் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1:10,000 ஸ்கேலில் குறுக்குவெட்டு வரையணும். அகலம் 20 செ.மீ. வரும், அழகா ஷீட்டில் அடங்கும். ஆழம்? வெறும் 0.4 மில்லிமீட்டர். பென்சில் கோட்டின் தடிமனுக்குள்ளேயே மொத்தக் கடலும் காணாமல் போயிடும்! எந்தப் பாறையை உடைக்கணும்னு தெரிஞ்சுக்க வந்தோமோ, அந்தப் பாறையே படத்தில் இல்லை.

அதனால் பொறியாளர்கள் என்ன செய்வாங்கன்னா, ஒரே படத்தில் இரண்டு ஸ்கேல் வைப்பாங்க. குறுக்கே 1:10,000, செங்குத்தாக 1:100. இப்போ ஆழம் 4 செ.மீ. ஆகிடுச்சு, பாறை தெரியுது. ஆனா இதுக்கு ஒரு விலை கொடுக்கணும். செங்குத்து அளவு குறுக்களவை விட 100 மடங்கு ஊதிப் போயிருக்கு. நிஜத்தில் 200-க்கு 1 என்று மெதுவாக இறங்கும் கடலடி, படத்தில் 2-க்கு 1 என்று மலைச்சரிவு மாதிரி தெரியும். கோணமானி வைத்தால் 26 டிகிரிக்கு மேல் காட்டும், நிஜம் 0.3 டிகிரிகூட இல்லை. அந்தச் சாய்கோட்டை ஸ்கேல் வைத்து நேராக அளந்தாலும் தப்புதான், ஏன்னா அது இரண்டு ஸ்கேலுக்கும் சொந்தமில்லை. குறுக்களவைத் தனியா எடுத்து 10,000-ஆல் பெருக்கணும். உயரத்தைத் தனியா எடுத்து 100-ஆல் பெருக்கணும். அதுக்கப்புறம் பிதாகரஸைக் கூப்பிடலாம்.

கண்மாய்ப் பக்கம் கொஞ்சம்

காட்டன் வேலை பார்த்த துறையின் மெயின் வேலை கண்மாய்கள். ராமநாதபுரம் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், வைகை கடைசியில் வந்து சேர்வது ராமநாதபுரம் பெரிய கண்மாயில். இந்தச் சீமையில் கண்மாய் நிறைஞ்சாத்தான் சோறு. எனவே கண்மாயின் நீர்ப்பரப்பு எவ்வளவு என்பது வாழ்வா சாவா கேள்வி.

இப்போ நம்ம கையில் இருக்கும் தாள்களுக்கு வருவோம். இந்திய நில அளவைத் துறையின் பழைய டோபோஷீட்டுகளும் ஆர்ட்னன்ஸ் சர்வே மாதிரியே ஒரு மைலுக்கு ஒரு அங்குலம், 1:63,360. மெட்ரிக் வந்த பிறகு 1:50,000. பாம்பனும் ராமேஸ்வரமும் 58 ஓ என்ற தாளில் வரும், ராமநாதபுரம் டவுன் 58 கே தாளில்.

முதலில் நீளம். பாம்பன் ரயில் பாலம் சுமார் 2.06 கி.மீ. பழைய ஸ்கேலில் அது 3.25 செ.மீ. இதைப் புது ஸ்கேலுக்கு எப்படி மாத்துவீங்க? 3.25-ஐ 63,360-ஆல் பெருக்குங்க, நிஜ நீளம் வந்துடும். அதை 50,000-ஆல் வகுங்க, 4.12 செ.மீ. சுருக்குவழி வேணும்னா 63,360-ஐ 50,000-ஆல் வகுத்து வரும் 1.2672-ஆல் நேரா பெருக்கலாம். விடை பெருசாகுமா சின்னதாகுமா என்று குழப்பம் வந்தால், அடியில் இருக்கும் எண் சின்னதானால் படம் பெருசாகும் என்று ஞாபகம் வைங்க.

அடுத்து பரப்பு. பழைய தாளில் ஒரு கண்மாய் 10 சதுர செ.மீ. இருக்கு. புதுத் தாளில் எவ்வளவு? அவசரத்தில் 1.2672-ஆல் பெருக்கி 12.67 என்று எழுதினால் மாட்டிக்கிட்டீங்க. 1.2672-ஐ வர்க்கப்படுத்தணும், 1.606 வரும். சரியான விடை 16.06 சதுர செ.மீ. நிஜத்தில் அந்தக் கண்மாய் சுமார் 4.01 சதுர கி.மீ. தப்பான விடையை வைத்துக் கணக்குப் போட்டால் 3.17 தான் வரும். கிட்டத்தட்ட 85 ஹெக்டேர் தண்ணி, ஏறக்குறைய 210 ஏக்கர், உங்க கால்குலேட்டரில் வத்திப் போச்சு. ஒரு மழைத்துளிகூட ஆவியாகாமலே!

ஏழு அடி உயரம், எழுநூற்றைம்பது கெஜம் நீளம்

கதைக்கு வருவோம். 1824-இல் முதல் பர்மா யுத்தம். காட்டன் அங்கே போய்ச் சண்டையிட்டுத் திரும்பினார். 1828 வாக்கில் காவிரிப் பிரச்சினை அவர் கைக்கு வந்தது.

பிரச்சினை இதுதான். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரியுது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். கொள்ளிடத்தின் தளம் தாழ்ந்தது. காவிரி வாயில் மணல் மேடிட மேடிட, தண்ணி எல்லாம் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போயிட்டே இருந்தது. தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. தீர்வு என்று காட்டன் சொன்னது கொள்ளிடத்தின் குறுக்கே ஒரு தாழ்வான அணை. தண்ணியைத் தேக்குறது நோக்கமில்லை. கொஞ்சம் உயர்த்திக் காவிரிப் பக்கம் திருப்பி விட்டால் போதும்.

மேலணையின் நீளம் சுமார் 750 கெஜம், நம்ம கணக்கில் 685 மீட்டர் சொச்சம். உயரமோ சுமார் 7 அடிதான். இந்த விகிதத்தைப் பாருங்க. 1:5,000 ஸ்கேலில் நீளம் 13.7 செ.மீ., உயரம் 0.4 மி.மீ. பாம்பனில் நாம பார்த்த அதே பென்சில் கோடு! டெல்டாவின் சோறு முழுக்க அந்த அரை மில்லிமீட்டருக்குள் இருந்தது.

அடுத்த கேள்வி அஸ்திவாரம். கொள்ளிடம் முழுக்க மணல். பாறை தேடிக் கீழே போய்க்கிட்டே இருக்க முடியாது. இங்கே காட்டனுக்கு வாத்தியார் வேற யாருமில்லை, கல்லணை. கரிகாலன் காலத்தது என்று நாம சொல்லும் அந்த அணை மணல் மேலேயே பல நூற்றாண்டு நின்றிருந்தது. தளர்ந்த மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த மண்ணின் பழைய கட்டுநர்களிடமிருந்துதான் கற்றோம் என்று காட்டன் பின்னாளில் வெளிப்படையாகவே எழுதினார். கிணறுகளை இறக்கி அதன் மேல் சுவர் எழுப்பும் முறையில் மேலணை எழுந்தது. 1836-இல் மேலணையும், கீழே அணைக்கரையில் கீழணையும் முடிந்தன. அப்போ அவருக்கு வயசு 33.

எல்லாம் சுபமா முடிஞ்சதான்னா, இல்லை. மேலணை எதிர்பார்த்ததைவிட நல்லாவே வேலை செய்தது. காவிரிக்குள் தேவைக்கு மேல் தண்ணி பாய ஆரம்பித்துத் தளத்தை அரித்தது. 1840-களில் கொள்ளிடம் அணையின் ஒரு பகுதியின் உயரத்தைக் குறைத்து, காவிரித் தலைப்பிலும் தளத்தைக் காக்க ஒரு குறுக்குச்சுவர் கட்ட வேண்டியதாச்சு. ஒரு நதியின் போக்கையே மாத்தும் அளவு காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவாக இருக்கும். அதனால்தான் செங்குத்து ஸ்கேலைத் தப்பாகப் படிக்கிறது சின்னத் தப்பு இல்லை.

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க டீமோட மினி ப்ராஜெக்ட் ஞாபகம் வந்தது. ஒரு கட்டடத்தின் ஏ1 ட்ராயிங்கை ஏ3-யில் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தோம். ஓரத்தில் 1:100 என்று இருந்தது. நாங்களும் அளந்து அளந்து 100-ஆல் பெருக்கினோம். எஸ்டிமேட் முடிச்ச பிறகுதான் ஒருத்தன் கேட்டான், எல்லா பில்லர் இடைவெளியும் ஏன் இவ்வளவு நெருக்கம் என்று. ஏ1 ஏ3 ஆகும்போது நீளம் பாதியாகிடுது. நிஜ ஸ்கேல் 1:200. எழுத்து பழைய பொய்யையே சொல்லிக்கிட்டு இருந்தது. எங்க தளப் பரப்பு எல்லாம் நாலில் ஒரு பங்கு. மூணு நாள் வேலை குப்பைக்கு. அந்தப் படத்தில் ஒரு ஸ்கேல் பட்டை வரைஞ்சிருந்தால் அதுவும் சேர்ந்து சுருங்கியிருக்கும், நாங்களும் தப்பிச்சிருப்போம். பழைய வரைபடங்களின் மூலையில் கோடு கோடாக ஒரு பட்டை இருக்கே, அது அலங்காரம் இல்லைன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது.

கோதாவரியும் அதுக்கப்புறமும்

1840-களில் காட்டன் கோதாவரிக்குப் போனார். பஞ்சமும் புயலும் மாறி மாறி அடித்த மாவட்டம் அது. தவளேஸ்வரத்தில் 1847-இல் வேலை தொடங்கி 1852-இல் முடிந்தது. நாலு துண்டாக, சேர்த்தால் சுமார் இரண்டேகால் மைல் நீளம். உயரம் 12 அடி அளவுதான். மறுபடியும் அதே கதை, மைல் கணக்கில் நீளம், அடி கணக்கில் உயரம். உடம்பு பல தடவை கெட்டது, வேலையை விடவில்லை. கோதாவரி டெல்டா நெற்களஞ்சியம் ஆனது அந்த அணைக்குப் பிறகுதான். ஆயிரக்கணக்கில் மண் சுமந்த கைகளின் பெயர்கள் எந்த ட்ராயிங்கிலும் இல்லை என்பதையும் நாம மறக்கக் கூடாது.

1861-இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. இந்தியாவுக்கு ரயிலை விடப் பாசனமும் நீர்வழியும்தான் முதல் தேவை என்று வாதாடினார். 1876-78 பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, 1878-இல், 75 வயசில், பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன்னாடி சாட்சி சொன்னார். குழு அவர் பக்கம் சாயவில்லை. கடைசிக் காலத்தில் டார்க்கிங் என்ற ஊரில், நிலத்தை ஆழக் கொத்திப் பயிர் வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். 1899 ஜூலை 24 அன்று, 96 வயசில் காலமானார்.

அவர் இளைஞராக அளந்த பாம்பனில் பின்னாடி பாறைகளை உடைத்துக் கால்வாயை ஆழப்படுத்தினார்கள். 1914-இல் ரயில் பாலம் வந்தது. 1964 புயல் தனுஷ்கோடியை அழித்து, பாலத்தையும் உருக்குலைத்தது, சீர்செய்தார்கள். 2025 ஏப்ரலில் தூக்குப்பாலத்துடன் புது ரயில் பாலமும் வந்தாச்சு.

சரி, நமக்கு என்ன?

இந்த வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒண்ணுதான். ஒரு காகிதத்திலிருந்து இன்னொரு காகிதத்துக்கு நேரா தாவாதீங்க. நடுவில் தரையைத் தொட்டுட்டுப் போங்க. முதல் படத்தின் அளவை அதன் ஸ்கேலால் பெருக்கினால் நிஜ அளவு. அந்த நிஜ அளவு நம்பும்படி இருக்கான்னு ஒரு தடவை யோசியுங்க. அதுக்கப்புறம் அடுத்த ஸ்கேலால் வகுங்க. சுருக்குவழி விகிதம் வேகமா இருக்கும்தான். ஆனா பில்லர் இடைவெளி பாதியா வந்திருக்குன்னு அது உங்களுக்குச் சொல்லாது, தரைதான் சொல்லும்.

அடுத்த சர்வே கேம்ப்பில் லெவலிங் ஸ்டாஃப் பிடிச்சுக்கிட்டு வெயிலில் நிற்கும்போது போரடிச்சா, அந்த 19 வயசுப் பையனை நினைச்சுக்கோங்க. ராமேஸ்வரம் போற ரயிலில் பாம்பன் வரும்போது செல்ஃபி எடுத்து முடிச்சதும் ஒரு தடவை கீழே பாருங்க. உங்க ஷீட்டில் அரை மில்லிமீட்டராக இருக்கும் கடல் அங்கே பாறையும் நீரோட்டமுமாக ஓடிக்கிட்டு இருக்கும்.